கோப்பைக்கு அடியில் ஓர் அட்டை

காப்பிக் கோப்பையை வைக்குமுன் மேசையில் ஓர் அட்டையை எடுத்துப் போடுவார். அவரே மறுத்துவிட்ட கோரிக்கை அட்டை. குறுக்கே சிவப்பு மையில் ‘வேண்டாம்’. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே வேண்டாம் அக்கா.

மருத்துவமனைகளில் மருந்து எழுதுவதற்கான மென்பொருளுக்கு அவர்தான் தலைமைப் பொறியாளர். விரும்பியவர்கள் மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ப்ளகின்கள் அதற்கு நாற்பது உண்டு. அவற்றில் ஒன்றை மென்பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்க்கச் சொல்லி யார் வந்தாலும் ஒரே பதில்: “வர்ற விருந்தாளிக்கெல்லாம் வீட்டை எழுதி வைக்க முடியுமா? வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும்.”

போன வருடம் அப்படித் திரும்பிப் போனவர் மருந்தாளர். மருந்துக்கடையை விட்டுவிட்டு நிரல் எழுத வந்தவர். சேரக் கூடாத இரண்டு மருந்துகளை ஒருவருக்கே எழுதினால், அவருடைய ப்ளகின் திரையின் மேலே மஞ்சள் பட்டை காட்டும். “நல்லாத்தான் இருக்கு அண்ணே. ப்ளகினாவே இருக்கட்டும்,” என்றார் அக்கா.

பதினெட்டு நாட்களுக்கு முன் அக்காவின் அப்பா இறந்துபோனார். இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுவந்தவர். மருத்துவமனையில் முழங்கால் வலிக்கு இன்னொன்று எழுதினார்கள். ஐந்தாம் நாள் வயிற்றில் ரத்தக்கசிவு.

அவருடைய மூக்குக்கண்ணாடியையும் செருப்பையும் வாங்கிவரப் போனபோது அக்கா செவிலியரின் திரையைப் பார்த்தார். தன் மென்பொருள். அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டு மருந்துகளும் அடுத்தடுத்து. மேலே ஒன்றுமில்லை.

“இங்க மஞ்சளா ஒண்ணு வரணுமே, சிஸ்டர்?”

“அப்படி ஒண்ணு இருக்குதா மேடம்?”

செருப்பு கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

நேற்று வேலைக்குத் திரும்பினார். கூட்டத்தில் உட்காரும்போதே கேட்டார்: “அண்ணே, உங்க ப்ளகின எத்தன ஆஸ்பத்திரில போட்டிருக்காங்க?”

“நூத்துக்குப் பதினொண்ணு.” மருந்தாளர் தயங்கினார். “இன்னிக்கே முடிவு பண்ணணுமாம்மா? மனசு கொஞ்சம் ஆறட்டும். அப்பாவுக்காகச் செஞ்ச மாதிரி ஆகிடக் கூடாது.”

“அப்பாவுக்கு இனிமே எதுக்கு அண்ணே பட்டை? மிச்சம் எம்பத்தொம்போதுலயும் கட்டிலெல்லாம் காலியாவா கிடக்கு?”

அக்கா பழைய அட்டைகளின் அடுக்கைக் கவிழ்த்துத் தேடினார். மருந்தாளரின் அட்டை கிடைத்தது. ‘வேண்டாம்’ மேலே வட்டமாகக் காப்பிக் கறை. மென்பொருளின் அடுத்த வெளியீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றின் வரிசையில், சுவரில், முதலாவதாக அதைக் குத்தினார்.

யாரோ காப்பி நீட்டினார்கள். மேசையில் ‘வேண்டாம்’ எழுதிய இன்னும் முப்பது அட்டைகள் சிதறிக் கிடந்தன. ஆவி பறக்கும் கோப்பையை எதன்மேலும் வைக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.