பாய் இலையில் மீந்த அப்பளம்

பிள்ளைகளா, கொவிட் நேரத்தில் உங்கள் அப்பா நான் கடை வாசலில் காவல் நின்ற கதையைச் சொல்லச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதிவைக்கிறேன்.

1. வாசலில் முதல் நாள்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அப்போது நான் சூப்பர்வைசர். இலை போடுவது, ரசம் தீரும் முன் அடுப்படிக்குக் குரல் கொடுப்பது, மேசையைத் துடைக்கச் சொல்வது, இதுதான் வேலை. தடுப்பூசி போட்டவர்கள்தான் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று விதி வந்ததும் முதலாளி என்னை வாசலுக்கு அனுப்பினார்.

"போன்ல ஊசி போட்டதுக்குப் பச்சை டிக் இருந்தா உள்ள. இல்லன்னா பார்சல். மொகத்தப் பாத்து விட்டுராதய்யா, கடைய மூடிருவாங்க."

வரிசையில் ஆளுக்கொரு பேச்சு. ஆபீஸ் அட்டை தொங்கிய ஒரு தம்பி, "சோறு திங்கிறதுக்குப் பாஸ்போர்ட்டா? டூ மச் லா!" என்றான். பின்னால் தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்த பெண் விடவில்லை.

"எங்கம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது தம்பி. பக்கத்து சீட்ல யாருன்னு எனக்குத் தெரியணும். அண்ணே, நல்லா செக் பண்ணுங்க."

இருவர் பேச்சும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அப்போதுதான் ஷாகுல் பாயும் ரெங்கசாமி அண்ணனும் வந்தார்கள். பாய்க்குப் பக்கத்துத் தெருவில் துணிக்கடை. அண்ணன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி போனபின் ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். மதியம் இருவருக்கும் மின்விசிறிக்குக் கீழே ஒரே மேசை. பாய்க்கு அப்பளம் பிடிக்காது. ஆனால் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் வைத்ததும் எடுத்து அண்ணன் இலையில் போடுவார். அண்ணன் இரண்டையும் ரசச் சோற்றில் நொறுக்கிக்கொள்வார். அந்த நொறுங்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று பாய் போனைக் காட்டினார். பச்சை. அண்ணன் கை சட்டைப் பைக்கே போகவில்லை.

"நான் போடல."

"பார்சல் கட்டித் தரேண்ணே" என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். "டபுள் டெக்கர் ஓட்டுன ஆளுக்கு ஊசின்னா பயமாடா? வாட்ஸ்அப்ல எவனோ அனுப்புனத நம்பிக்கிட்டுத் திரியிறான்யா."

வரிசையும் சிரித்தது.

"என் ஒடம்பு, என் இஷ்டம். நீ போய்த் தின்னு" என்று அண்ணன் வெறுங்கையோடு நடந்துவிட்டார்.

பாய் தனியாக உட்கார்ந்தார். பழக்கத்தில் அப்பளத்தை எடுத்து நீட்டப் போனவர், எதிரே ஆள் இல்லாததைப் பார்த்துத் தன் இலை ஓரத்திலேயே வைத்தார். இலையை எடுக்கும்போது அது முழுசாகக் கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

2. ஆங் மோ கியோவுக்கு ஒரு பார்சல்

அண்ணன் கடைப் பக்கமே வரவில்லை. நம் வீடும் அங்கேதானே, ஒரு ஓய்வு நாளில் பார்சலோடு அவர் புளோக்குக்குப் போனேன். இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டார்.

"பாய் அனுப்புனானா?"

"நானாத்தான் வந்தேண்ணே. ஊசி போடச் சொல்லி வரல. ஏன் போடலன்னு மட்டும் கேட்டுட்டுப் போறேன்."

கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். மேசையில் ரொட்டி பாக்கெட் மட்டும்தான் இருந்தது.

"இளவயசுல கால்ல காயம்னு கிளினிக்ல ஒரு ஊசி போட்டாங்க. மொகம் வீங்கி, தொண்டை அடச்சு, அங்கேயே விழுந்துட்டேன். அன்னிக்கு ஆள் இருந்துச்சு, தூக்குனாங்க. இப்ப தூக்கத்துல மூச்சு அடச்சா யாருப்பா பாப்பாங்க?"

"இத பாய்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"அத்தன பேருக்கு முன்னாடி சிரிச்சப்புறம் என்னத்தச் சொல்றது?"

"நான் சொல்லட்டா?"

பார்சலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சொல்லு. திரும்பச் சிரிச்சான்னா நீ இந்தப் பக்கம் வராத" என்றார்.

3. பாய் எழுந்த மதியம்

மறுநாள் பாய் இரண்டாவது சோற்றுக்குக் காத்திருந்தபோது சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இலையை மடிக்காமல் எழுந்து கை கழுவினார். தன் துணிக்கடையை இழுத்துச் சாத்திவிட்டு டாக்சி பிடித்தார்.

அண்ணனை டாக்டரிடம் அழைத்துப்போனது பாய்தான். டாக்டர் பழைய ஊசியைப் பற்றி நிதானமாக விசாரித்துவிட்டு, அது வேறு மருந்து, இது வேறு, போடலாம், ஆனால் போட்டபின் கூடுதல் நேரம் இங்கேயே உட்காருங்கள் என்றாராம். பாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதோடு விடாமல் அன்று அண்ணன் வீட்டுக் கூடத்திலேயே கோரைப்பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

"காவலுக்கு வந்த ஆளு விட்ட கொறட்டையில நான் செத்தாக்கூட அவனுக்குக் கேட்டிருக்காது" என்று அண்ணன் பிறகு சொன்னார்.

"டாக்டர் வேணாம்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க பாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பார்சல் வாங்கிட்டுப் போயி பார்க்குல தின்னிருப்போம். அப்பளம் நமுத்துப் போயிருக்கும், அவ்வளவுதான்."

ஊசிகள் முடிந்து அண்ணன் வந்த அன்றும் நான் போனைக் கேட்டேன். "எங்கிட்டயுமாடா?" என்று முறைத்துக்கொண்டே காட்டினார். பச்சை. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் இலையில் இரண்டு அப்பளம் இருந்தது.

அந்த வாசல் சோதனையெல்லாம் இப்போது போய்விட்டது. அப்பாவும் வேலையை விட்டாயிற்று. விதியை நான் தளர்த்தவில்லை. தளர்த்தியிருந்தால் டயாலிசிஸ் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் யாரையாவது வாசலில் நிறுத்தவேண்டிய நாள் வரும். நிறுத்துங்கள். ஆனால் அப்புறம் ஒருநாள் அவர் வீடு வரை போய், ஏன் என்று கேளுங்கள். வரிசைக்கு முன்னால் வைத்துக் கேட்காதீர்கள்.