முப்பத்தோராம் நாள் கோப்பி

பழுதான சாமானோடு வருகிறவர்களில் உண்மை சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. "ஒண்ணும் செய்யலீங்க, தானா நின்னுபோச்சு" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே கரப்பான், சோற்றுப் பருக்கை, ஒருதரம் ஒற்றைத் தோடுகூட இருந்தது. பதுளை பஜாரின் பின்சந்தில் இருபத்தெட்டு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் நீண்டுவிட்டது. சண்முகராஜாவிடம் ஏச்சு வாங்காமல் ஒரு கேத்தல்கூடத் திருத்த முடியாது என்று பஜாரில் சொல்வார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன், ஜீவராணி வரும்வரை.

அவள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். பஸ்சில் இடம் கிடைக்காமல், உரச் சாக்கில் சுற்றிய பாரத்தை இடுப்பில் அணைத்தபடி வழியெல்லாம் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். சாக்கை அவிழ்த்தால் உள்ளே எஸ்பிரஸோ மெசின். சுற்றுலாக்காரர் வரும் எல்ல ஊர்ப் பக்கத்து விடுதிக்காரர்கள் இதைக் கொண்டு வருவதுண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தது இதுதான் முதல்.

"மகளோடதுங்க ஐயா. அவ செத்துப் போயிட்டா. வர்ற புதன்கெழம முப்பத்தொண்ணு. அவளுக்குப் பிடிச்சத வச்சுப் படைக்கணும். இந்த மெசின் கோப்பின்னா அவளுக்கு உசிரு. அதுக்குள்ள ஓடுமாங்க?"

"என்ன செஞ்சீங்க இத?"

"ஒண்ணும் செய்யலீங்க. சத்தம் போடுது, தண்ணி வரல."

சுவிட்சைப் போட்டேன். பம்பு உறுமியது, ஒரு சொட்டு இறங்கவில்லை. மெசினின் பக்கவாட்டுக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் தாராளமாக வந்தது. ஆகவே பம்பில் கோளாறில்லை, சூடாவதிலும் இல்லை. தூள் போடுகிற கிண்ணத்தில்தான் அடைப்பு. அந்தக் கிண்ணம் கைப்பிடியோடு இறுகிப் போயிருந்தது. துணியைச் சுற்றித் திருகிக் கழற்றினேன். உள்ளே கன்னங்கரேலென்று உப்பிப்போன ஒரு கட்டி. குத்தி எடுத்து மோந்து பார்த்தேன். தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூள்.

செத்த வீட்டுக்காரி என்பதை என் வாய் மறந்துவிட்டது.

"இது கோப்பி மெசின்! தேயிலையப் போட்டா ஊதி அடைச்சுக்காதா? ஒண்ணும் செய்யலன்னு வாய் கூசாம சொல்றீங்களே. தேத்தண்ணி ஊத்த வீட்டுல கேத்தல் இல்லையா?"

அவள் பதிலுக்குச் சண்டை பிடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். வாய் மடித்து றப்பர் வளையம் போட்டிருந்தது.

"செத்த அன்னைக்கு அவ பையில இருந்த கோப்பித் தூளு இவ்வளவுதாங்க. எனக்கு இந்த மெசினத் தொட்டுப் பழக்கமில்ல. பழகிப் பாக்குறேன்னு இத வீணாக்கக் கூடாதுல்ல. தேயிலைன்னா வீட்டுல கெடக்கு. அதப் போட்டுக் கை பழகிட்டு, அன்னைக்கு இதப் போடலாம்னு நெனச்சேங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

மேலே இருந்த சல்லடைத் தகட்டைக் கழற்றினால் அதன் கண்ணெல்லாம் தேயிலை. அதற்கும் மேலே வால்வுக்குள் ஏறியிருந்தது. ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுக்க ஒரு மணி நேரமானது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கதையைக் கேட்டேன்.

பதினெட்டு வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்தவள். இப்போது நாற்பத்தாறு. பிள்ளைக்கு நான்கு வயதாக இருக்கும்போது புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். ஒரே மகள் சிவசக்தி. அவளுக்கும் கொழுந்துக் கூடை வந்துவிடக் கூடாதென்று ஏ.எல். பரீட்சை வரை படிக்க வைத்தாள். அவள் எல்லவில் ஒரு கோப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜீவராணிக்கு அது பிடிக்கவில்லை. லயத்தில் யாராவது கேட்டால் ஹோட்டலில் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்வாளாம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இந்த மெசினை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. திங்கள் இரவே வீட்டுக்கு வந்துவிடுவாள். போன மாதம் அப்படி வந்தபோது, லுணுகலையில் பஸ்சை விட்டிறங்கி மழையில் தோட்டத்துக்கு நடக்கையில் மண்மேடு சரிந்தது. இருபத்திரண்டு வயது.

"சோறாக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேங்க" என்றாள். நான் ஊசியால் அடுத்த கண்ணைக் குத்தினேன்.

மறுபடி பூட்டினேன். தண்ணீர் இறங்கியது, ஆனால் ஓரமாக ஒழுகியது. றப்பர் வாசர் காய்ந்து வெடித்திருந்தது. கடையில் கிடந்த பழைய மெசின் ஒன்றிலிருந்து அளவான வாசரை எடுத்து மாட்டினேன். ஒழுக்கு நின்றது. முன்கடையில் கொஞ்சம் கோப்பித் தூள் வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். எண்ணெய்போல் கெட்டியாக இறங்கிக் கோப்பையில் நுரை கட்டியது. என் கைவேலையில் எனக்கே பெருமையாக இருந்தது.

"குடிச்சுப் பாருங்கம்மா. மக போடுறது மாதிரி இருக்கான்னு சொல்லுங்க."

அவள் கோப்பையைத் தொடவில்லை.

"தெரியாதுங்க. நான் ஒருநாளும் குடிச்சதில்ல."

செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கி வந்து இவள் காலை நீட்டியதும் மகள் ஒரு சின்னக் கோப்பையைக் கொண்டு வந்து நீட்டுவாளாம். "ஒரு வாய் குடிச்சுப் பாரும்மா" என்பாளாம். "ஊரானுக்குக் கோப்பி ஊத்தவா ஒன்னயப் படிக்க வச்சேன், கொண்டு போ அங்கிட்டு" என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகள் அதை வெளியே எடுத்துப் போவாள். அங்கே நின்று அவள் குடிப்பதாகத்தான் இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சீனி போடுவாளா? பால் ஊத்துவாளா?" என்றேன். படையலுக்குத் தெரிய வேண்டுமே.

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. மகளுடைய போனைத்தான் கையில் வைத்திருந்தாள். கூட வேலை செய்த பெண்ணின் நம்பர் அதில் இருந்தது. ஷம்ரா என்று பெயர். நானே அழைத்து, இரண்டு பேருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன்.

"சக்திக்குப் படைக்கவா?" என்றாள் அந்தப் பெண். "சக்தி கோப்பி குடிக்க மாட்டாளே அங்கிள். வாயில வச்சா அவளுக்கு ஓங்காளிக்கும். நாக்குல தொட்டுப் பாத்துட்டுத் துப்பிருவா."

"அப்ப வீட்டுல மெசின வச்சு யாருக்குப் போட்டா?"

"அம்மாவுக்குத்தான். அம்மா கசப்புன்னுதான் குடிக்க மாட்டேங்கிறாங்கன்னு நெனச்சா. ஒவ்வொரு கிழமையும் வேற வேற மாதிரி வறுத்த கொட்டையக் கேட்டு வாங்குவா. கடைசியா அரைச்ச தூளுல கசப்பே இல்ல, இந்தத் தடவ அம்மா குடிப்பாங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா." பிறகு, "அது அவ பையில இருந்திருக்குமே, ஆன்ட்டி அதக் குடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

நான் போனை வைத்துவிட்டேன்.

ஜீவராணி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பொட்டலத்தின் றப்பர் வளையத்தைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள்.

"இதப் போடுங்க ஐயா."

"புதன்கெழமைக்கு வேணாமா?"

"அவதான் குடிக்க மாட்டாளாமே."

போட்டேன். பொட்டலத்தைச் சாய்க்கையில் மேசையில் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதை அவள் விரலால் கூட்டியெடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். இறங்கிய கோப்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஆற விடாமல், ஒரே மூச்சில் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"கசக்குதுங்க" என்றாள். பிறகுதான் குரல் உடைந்தது. "குடிச்சுட்டு, கசக்குதுடின்னு அவகிட்டயே சொல்லியிருக்கலாம்ல."