பீலிக்கரையில் சாம்பல் தளம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் ஒரே பீலியில்தான். மேலேயிருந்து குழாயில் தண்ணீர் கொட்டும். கீழே வெறும் சேறு. போன மழைக்கு அண்ணி அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கொழுந்தெடுக்கிற கை. தளம் போட்டுத் தரச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் இன்னொருத்தியின் இடுப்பு போய்விடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் கொழும்பில் கட்டட வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். அங்கே நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்தில் எத்தனையோ தளம் போட்டிருக்கிறோம். எங்களால் வாங்க முடிந்த சீமெந்து போதவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் விறகுச் சாம்பலோ மலையாகக் கிடந்தது. பழைய சேலையில் அதைச் சலித்து, சிறிதாக ஒரு கட்டி வார்த்துப் பார்த்தேன். நின்றது. பிறகுதான் சீமெந்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்துக்குச் சாம்பலைச் சேர்த்துப் பீலிக்கடியில் தளம் போட்டேன்.

இந்தக் குளிரில் அந்தக் கலவை மெதுவாகத்தான் இறுகும். தளத்தின் மேல் போர்த்திய ஈரச் சாக்கை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால், சாக்கையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு ஓரமெங்கும் தணல் சட்டி வைத்து விசிறிக்கொண்டிருக்கிறார் அண்ணன். தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற அடுப்பில் அவருக்கு வேலை. சூடு காட்டினால் எதுவும் சரியாகிவிடும் என்பது அவர் வேதம். ஒரு மூலையில் வெடிப்பே விட்டிருந்தது.

"இது கொழுந்து இல்லண்ணே. தண்ணி குடிச்சாத்தான் இறுகும்" என்று கத்தினேன். அன்றிலிருந்து அவரே குடம் குடமாக ஊற்றினார்.

மலை வேலையை மேய்க்கிற கண்டாக்கு ஐயாவின் கண்ணில் அந்த வெடிப்பு பட்டுவிட்டது. அனுமதியில்லாமல் போட்டது, அதுவும் குப்பைச் சாம்பலில் போட்டது, அடுத்த வாரம் ஆள் வைத்து உடைப்பேன் என்றார். குப்பையாம்! சாம்பலில் பல் விளக்கி வளர்ந்தவர்தான் அவரும்.

சொன்னபடியே இரும்பு அலவாங்கோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெடித்த மூலையிலேயே ஓங்கிக் குத்தினார்கள். ஒரு சில்லு தெறித்தது, அவ்வளவுதான். மறுபடி ஓங்குவதற்குள் லயமே வாளியோடு இறங்கி வந்துவிட்டது. பீலிக்குப் பெண்கள் குளிக்க வந்தால் ஆண்கள் மேலே ஏறிவிட வேண்டும். தோட்டத்தை நடத்துகிற துரையே ஆனாலும் அதுதான் வழக்கம்.

கட்டுப் பிரிக்காத கையோடு அண்ணி தளத்தின் நடுவில் போய் உட்கார்ந்து, மற்றக் கையால் கொண்டையை அவிழ்த்தார்.

"போங்கய்யா, பொம்பளைங்க குளிக்கணும். தொரை கேட்டா அதையே சொல்லுங்க."

கண்டாக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினார். திரும்பவும் வருவார் என்று தெரியும். வரட்டும். அப்போதும் நாங்கள் குளித்துக்கொண்டுதான் இருப்போம்.