பத்துக்குப் பத்து தப்பு

ஒரு சின்னக் கார் வாங்கும் காசுக்கு கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஓர் ஆம்ப் பெட்டி வாங்குகிறார்களே, அதற்கு அந்தத் தகுதி உண்டா என்று முன்பு யாராவது என்னிடம் கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். இல்லை. எல்லாம் பேருக்குக் கொடுக்கும் காசு. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆம்ப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான். வாரக் கடைசியில் ஓர் இசைக்குழுவுக்கு சவுண்ட் பார்த்தேன். கல்யாணம், கோயில் திருவிழா, எங்கே மேடை போட்டாலும் சத்தத்தைச் சரிக்கட்டும் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நான்தான். இத்தனை வருடம் பெட்டிகளைத் திறந்து பார்த்தவனுக்கு யாரும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது.

அதே குழுவில் லீட் கிட்டார் வாசித்தவன் என் நண்பன். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்த்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தப் பெட்டி. அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் பட்டறையில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயரையும் கையால் பற்றவைத்துச் செய்வது. வருடத்துக்குக் கொஞ்சம்தான் செய்வாராம். பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இவன் மூன்று வருடம் காத்திருந்தான். பெட்டி வந்து இறங்கிய அன்று எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.

அவனுடைய ஃப்ளாட்டில், சாப்பாட்டு மேசையைத் தள்ளிப் போட்டுவிட்டு வாசித்துக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் கேட்கவில்லை. நல்லாத்தான் இருக்கிறது, எல்லாப் பெட்டியும் இப்படித்தான் இருக்கும் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வருடத்துக்குள் அதில் ஒரு வால்வு, பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடிக் குழல், போய்விட்டது. மாற்றுவதற்கு என்னிடம் கொண்டுவந்தான். பின்பக்கத்தைக் கழற்றினால், உள்ளே பாதி இடத்தைக் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தார் அந்த அமெரிக்கர். யாரும் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாதாம். மூடாத பாதியைப் பார்த்தே மூடிய பாதி எனக்குப் புரிந்துவிட்டது. பழுதுபார்க்கிறவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பழைய சர்க்யூட். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாமான்கள். நானே போய் அத்தனையும் வாங்கிவந்து, ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி அடித்து, இரண்டு மாதத்தில் அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. குழுவில் எல்லாரிடமும் சொல்லி முடித்தேன். அவன் சண்டைக்கு வரவில்லை. கேட்டுப் பார்த்தால் தெரியும் என்று மட்டும் சொன்னான். சரி, கேட்டே பார்த்துவிடலாம் என்றேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலேதான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒத்திகை பார்ப்போம். அங்கே அவனுடைய பெட்டியையும் என் பெட்டியையும் அடுத்தடுத்து வைத்துக் கறுப்புத் துணியால் திரை கட்டினோம். கீபோர்டு வாசிக்கும் எங்கள் குழுத்தலைவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கிட்டாரில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். டிரம்ஸ்காரர் ஒவ்வொரு முறையும் காசு சுண்டி, பூ விழுந்தால் ஒரு பெட்டி, தலை விழுந்தால் மற்றது என்று கேபிளை மாற்றிக் குத்தி, தாளில் குறித்துக்கொள்வார். ஆளுக்குப் பத்து முறை. எது எந்தப் பெட்டி என்று திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் சொல்ல வேண்டும்.

முதலில் நான். வித்தியாசமே கிடையாது, குத்துமதிப்பாகத்தான் சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பத்தும் சொன்னேன். நாலு சரி. எனக்கு அதில் வெட்கமில்லை, நான் சொன்னதற்கு அதுவே சாட்சி என்று பட்டது. எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்று, ரகசியமாக, என் பெட்டியில் ஒரு இரைச்சல் இருக்கிறதா பார், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பெருமையடித்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். ஏதோ கேட்க வருகிறவன் போல வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

அவன் யோசிக்கவே இல்லை. தலைவர் வாசித்து நிறுத்தியதும் உடனே சொன்னான், பத்தும் அப்படியே. டிரம்ஸ்காரர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பத்துக்குப் பத்து தப்பு. ஒன்றுகூடச் சரியில்லை. நான் கை கொட்டிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

அடுத்த தீபாவளி வருவதற்குள் தலைவர் அவனை மாற்றிவிட்டார். சொந்தப் பெட்டியின் சத்தம் தெரியாதவனை எப்படி லீட் வாசிக்க வைப்பது என்று வெளிப்படையாகவே சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. பெட்டியை ஷா ஆலமில் ஒரு டாக்டருக்கு விற்றான், கொஞ்ச நாளில் கிட்டாரையும் விற்றான். போனில் பேசிக்கொள்வோம், தீபாவளிக்கு வீட்டுக்குப் போவேன். வாசிப்பதைப் பற்றி அவனாக எடுக்கமாட்டான். நான் போகிற இடமெல்லாம் அந்தப் பத்துத் தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேடைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் யாராவது கேட்டுவிட்டால் போதும், நடித்தே காட்டுவேன்.

நாலு வருடம் கழித்து அவன் மகளுக்குக் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். என் பங்குக்கு சவுண்ட் நான் பார்க்கிறேன், காசு வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் செலாயாங்கிலிருந்து மூன்று வாடகை பஸ்ஸில் வந்திருந்தார்கள். சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது வாழ்த்திப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். பெண்ணின் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, அந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் நண்பன் மணமேடை ஓரத்தில் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு நின்று, கையைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தான்.

என் மனைவிக்கு ரொம்ப நாளாகவே என்மேல் எரிச்சல். வாஷிங் மெஷின் முடிந்து கத்துவது எனக்குக் கேட்பதில்லை, டிவியை அலறவிடுகிறேன், பேரப்பிள்ளை பேசினால் என்ன என்ன என்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு அடுத்த வருடம் கிள்ளானிலேயே ஒரு காது பரிசோதனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் ரொம்ப நேரம் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மிஷின் கெட்டுவிட்டது என்றுகூட நினைத்தேன்.

பரிசோதித்த பெண் தமிழ்ப் பெண்தான். வரைபடத்தை என் முன்னால் திருப்பி வைத்தார். கோடு பாதி வரைக்கும் மேலேயே நேராகப் போய், அப்புறம் படிக்கட்டில் தவறி விழுந்தவன் மாதிரி கீழே போயிருந்தது. கீச்சென்ற உயர்ந்த சுருதிச் சத்தங்கள் எதுவும் எனக்குக் கேட்பதில்லை, இது நேற்று வந்ததல்ல, பத்து வருடமாவது ஆகியிருக்கும் என்றார். ஆம்ப்பின் மெல்லிய இரைச்சல், டிரம்ஸ் தட்டின் கிணுகிணுப்பு, கிட்டாரின் மினுமினுப்பு எல்லாம் அந்த விழுந்த பகுதியில்தான் இருக்கின்றன. மிக்சரில் நான் ட்ரெபிளை, கூர்மையான மேல் சத்தத்தை, ஏற்றிக்கொண்டே போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. முன்வரிசையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்கு அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமாளிப்பதற்காக, எனக்கு மட்டுமா, என் நண்பன் ஒருத்தன் இருக்கிறான் என்று அந்தக் கதையை அவரிடமும் எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் நாலு, அவனுடைய பத்து, இரண்டையும் தாளில் எழுதிப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க நாலு சரியா சொன்னது குருட்டாம்போக்கு. அவரு பத்தும் தப்பா சொன்னது அப்படி இல்ல. எது எதுன்னு நல்லா தெரிஞ்சாத்தான் பத்தையும் மாத்திச் சொல்ல முடியும். வேணும்னா வீட்டுல போய் காசு சுண்டிப் பாருங்க."

சுண்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விழுவதற்கு முன்னால் பூவா தலையா என்று சொல்லிச் சொல்லி, பத்துப் பத்து தடவையாக, சாயங்காலம் முழுக்க. ஆறு தப்பு வந்தது, நாலு வந்தது, ஒரே ஒரு தடவை எட்டு வந்தது. பத்து வரவே இல்லை. மனைவி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். காசைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ரயில் பிடித்து போர்ட் கிள்ளானுக்குப் போனேன். கடைசி ஸ்டேஷன். அவன் காலை ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கடையிலேயே என் காதில் மாட்டி அனுப்பியிருந்த கேட்கும் கருவியைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏன்டா என்று நான்தான் கேட்டேன்.

"உன்னைய மாத்தணும்னு போட்டி வச்ச அந்த வாரமே பேசிட்டாங்க. காது கிழியுதுன்னு ஜனங்க கம்ப்ளெய்ன். உன் பெட்டியில மெல்லிசா ஒரு இரைச்சல், எனக்கு நல்லா கேக்குது, நீ வந்து சுத்தமா இருக்குன்னு சொல்ற. அப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சு. நான் பத்தும் சரியா சொல்லியிருந்தா, வித்தியாசம் உனக்கு மட்டும் கேக்கலைன்னு அன்னைக்கே உன் காது வெளிய தெரிஞ்சி, உன் பொழப்பு போயிருக்கும் லா. பத்தும் தப்பானதும் நீ சொன்னதுதான் சரின்னு ஆகி, உன்னைய விட்டுட்டாங்க."

அஞ்சு சரி அஞ்சு தப்பு என்று சொல்லியிருக்கலாமே, உன் மானமாவது மிஞ்சியிருக்குமே என்றேன். சொல்லியிருக்கலாம் என்றான். பத்தையும் மாற்றிச் சொன்னால் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், நான் மட்டும் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்ப்பேன் என்று நினைத்தானாம். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கெட்டிக்காரன்.

அந்தப் பெட்டி உண்மையிலேயே அவ்வளவு நல்லதா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். நல்ல பெட்டிதான், ஆனால் அந்த விலைக்கு இல்லை என்றான். என் பெட்டியில் அந்த இரைச்சலை மட்டும் சரிசெய்திருந்தால் முக்கால்வாசி வந்திருக்கும், மிச்சம் கால்வாசி இருக்கிறதே, விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கிப் போகும் ஒரு சத்தம், அதற்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தானாம். சொல்லும்போது அவன் இடது கை விரல்கள் தொடைமேல் அசைந்தன. எனக்கு அந்தக் கால்வாசி இனிமேல் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. கருவி வைத்தாலும் வராது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

மன்னித்துவிடு என்றேன். ஆம்ப் போனதற்கோ குழு போனதற்கோ தனக்கு வருத்தமில்லை என்றான். அது அவனாகச் செய்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"என் மக கல்யாணத்துல நீ மைக்க எடுத்த பாரு. சரி, கணக்குப் போட்டுத் தெரிஞ்சிக்கிட்டான், இப்ப எல்லார் முன்னாலயும் உண்மைய சொல்லப் போறான்னுதான் நெனச்சேன்."

நான் கீழே இறங்கி ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் குழுத்தலைவர் பழைய ஆட்களையெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்திருந்தார். அவனையும் கூப்பிட்டிருந்தார், அவன் வரவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் காது, என் பெட்டியின் இரைச்சல், காசு சுண்டிப் பார்த்தது, ஒன்றையும் விடவில்லை. அவனுடைய காது நம் எல்லாருடைய காதையும்விட நல்ல காது என்றேன். தலைவர் என் தோளில் கை வைத்தார்.

"அவருக்காக நீங்க இவ்ளோ எறங்கி வர்றீங்க பாருங்க. உங்களுக்குப் பெரிய மனசு அண்ணே."

இல்லை, நான் சொல்வது நிஜம் என்றேன். காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினேன். வயசானால் எல்லாருக்கும் வருவதுதான், அன்றைக்கு உங்களுக்கு நன்றாகத்தான் கேட்டது என்று சமாதானம் சொன்னார்கள். இலையில் பாயசம் வந்தது. டிரம்ஸ்காரர் புதிதாகச் சேர்ந்த கிட்டார்காரரின் பக்கம் திரும்பி, தாளைக் கையில் பிடித்திருப்பது மாதிரி நீட்டிக்கொண்டு, பத்துக்குப் பத்து தப்பு என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் விடாமல் எல்லாருடைய சிரிப்பும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.