படத்தில் ஆடும் கயிறு

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். சினிமாவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில், பழங்காலக் கதைகளை எடுத்துப் பெரும்பெயர் வாங்கிய ஓர் இயக்குநரின் சிறந்த படங்களை வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் முத்துக்குளிப்புப் படத்துக்கு. கதாநாயகன் தன் பகையாளியைக் கடலுக்குள் இறக்கிவிட்டு, கயிறு கையில் துடிக்கத் துடிக்க இழுக்காமல் நிற்கிற காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 'கயிற்றையே நடிக்க வைத்த மேதை' என்றார் ஒருவர். கழுவிக்கொண்டிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தது என் அப்பா.

எங்களுக்குத் தூத்துக்குடி. அப்பா சங்கு குளிப்பவர். அவர் இடுப்புக் கயிற்றை அம்மாவின் அண்ணன்தான் வள்ளத்தில் இருந்து பிடிப்பார். மாமாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அப்பாவும் கடலுக்குப் போகமாட்டார். மாமா பலசாலி, அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

படக்காரர்கள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பகையாளியாக நடிப்பவருக்குப் பதிலாகக் கடலில் முங்குவதற்கு அப்பாவைப் பேசினார்கள். ஒரு தடவை கயிற்றை ஆட்டிவிட்டுத் தானாக மேலே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இடுப்பில் முழம் முழமாகத் துணியைச் சுற்றிவிட்டார்கள்.

"இவ்வளவு துணியோட முங்குனா கல்லுல சிக்கிரும் சார்" என்றார் அப்பா.

"அந்தக் காலத்துல இப்படித்தான் கட்டுவாங்க. டைரக்டர் நிறையப் படிச்சிருக்காரு" என்றார் உதவியாளர்.

"எங்க தாத்தா கோவணத்தோடதான முங்குனாரு. அவரு படிக்கலல்லா" என்று அப்பா சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. கயித்த நான் புடிக்கேன் என்று கேட்டுப் பார்த்தார். உங்க முகம் படத்துல வரக்கூடாது என்று அடுத்த வள்ளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதில்தான் வேடிக்கை பார்க்க நானும் அம்மாவும் இருந்தோம்.

ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்பா இறங்கினார். கயிறு ஒரு தடவை ஆடியது. பிறகு இன்னொரு தடவை. அதற்குப் பிறகு அறுந்துவிடுவதுபோல ஆடியது. யாரும் சத்தம் போடக்கூடாது என்று இயக்குநர் கையை உயர்த்தியபடி நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கதாநாயகன் அவர் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"ஏலே, இழுலே! அவன் கூப்புடுதான்!" என்று மாமா கத்தினார். கத்திக்கொண்டே அந்த வள்ளத்துக்குத் தாவி, கதாநாயகனைத் தள்ளிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

"யாருய்யா இவன்? எவ்வளவு நல்லா வந்துட்டிருந்தது!" என்றார் இயக்குநர்.

"செத்தா இன்னும் நல்லா வருமோ?" என்றார் மாமா, இழுப்பதை நிறுத்தாமல்.

துணி காலில் சுற்றியபடி அப்பா மேலே வந்தார். மூக்கிலும் இடது காதிலும் ரத்தம். அந்தக் காது அதன்பிறகு கேட்கவே இல்லை.

அந்த இயக்குநரின் மற்ற படங்களையும் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் எடுக்கிறார். ஆனால் அரண்மனை தீப்பற்றும்போதும், குதிரைமேலிருந்து ஆட்கள் விழும்போதும், அவர்களுக்குக் கயிறு பிடிக்க யாராவது இருந்தார்களா என்றுதான் மனசு கொதிக்கும். முத்துக்குளிப்புப் படத்தில் மாமாவின் விரல்கள் ஓரத்தில் நுழைகிற நொடியில் காட்சியை வெட்டியிருக்கிறார்கள். வெட்டத் தெரிந்திருக்கிறது. இழுக்கத்தான் தெரியவில்லை.

அந்தக் காட்சியை எடுத்த அன்று சாயங்காலம் நான் மாமாவோடு பேசவில்லை. ஊர் பார்க்கக் கதாநாயகனைத் தள்ளி எங்கள் மானத்தை வாங்கிவிட்டார் என்று கோபம். கயிறு உரித்த அவர் உள்ளங்கையில் அம்மா ஒரு கையால் எண்ணெய் தடவினாள். மறு கையால் தன் தாலியைப் பிடித்திருந்தாள். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பதால்தான் எங்கள் ஆட்கள் கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டு முங்குகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் அதே இடத்தில் பாட்டு எடுத்தார்கள். அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார்.