பல்லால் கேட்ட மெக்கானிக்

ஊர்க் கோடியில் இருக்கும் அந்தக் குடும்பப் பட்டறையில் இரண்டே பதவிகள்: பானெட், ஸ்டூல். பானெட்டைத் திறந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு நோய் சொல்பவர்தான் அங்கே ராஜா. வாசலில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுபவர் மற்றவர். பட்டறையைத் தொடங்கிய தாத்தா போட்ட சட்டம் ஒன்றுதான்: காது போனால் ஸ்டூலுக்கு. தாத்தா முணுமுணுக்காமல் போனார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்த முணுமுணுப்பு அவருக்கே கேட்கவில்லை என்பார்கள்.

இப்போதைய ராஜாவுக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு வருடமாகக் காது மந்தம். விஷயம் தெரிந்தால், ஸ்டூலில் இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்கா பானெட்டுக்கு வந்துவிடுவாள். காதின் கூர்மையைப் பார்த்து அல்ல, மீசையைப் பார்த்து அப்பா பிரித்துக் கொடுத்த பதவிகள் அவை.

ஆகவே அவர் ஒரு புது வைத்தியம் கண்டுபிடித்தார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜினில் வைத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு தாடை வழியாக மண்டைக்குள் ஏறும். கண்ணை வேறு மூடிக்கொள்வார். வண்டிக்காரர்கள் பக்தியோடு பார்த்தார்கள். கடிக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

அன்று ஒரு வேன் கீச்சிட்டுக்கொண்டே வந்து நின்றது. ராஜா மூன்று இடத்தில் வைத்துக் கடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "வாட்டர் பம்ப் பேரிங் போச்சுண்ணே."

"டைனமோ பேரிங்டா" என்றாள் அக்கா, ட்யூபை உரசியபடியே.

வேன்காரர் திரும்பிப் பார்த்ததால்தான் அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"என்னக்கா?"

அக்கா குரலை உயர்த்தினாள். "டைனமோங்கறேன்! வண்டி திருப்பத்துல வரும்போதே கேட்டுச்சு."

"கிட்ட நின்னு பாக்கற எனக்குத் தெரியாதா?"

"பல்லு திங்கறதுக்குடா!"

"பெல்ட்டக் கழட்டிச் சுத்திப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார் வேன்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ராஜா இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, வாட்டர் பம்பைக் கையால் சுற்றினார். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. டைனமோவைச் சுற்றினார். விரலில் மணல் அரைபடுவது மாதிரி நறநறத்தது.

பானெட்டுக்குள் விட்ட தலையை அவர் எடுக்கவில்லை. அந்த மணல் அவர் விரலுக்கு மட்டும்தான் தெரியும். வாட்டர் பம்ப்தான் என்று சாதித்தால் வேன்காரர் நம்புவார். ராஜாங்கம் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்; வேன் அவ்வளவு நாள் ஓடாது.

தலையை வெளியே எடுத்தார். "டைனமோதான்." பிறகு யாரும் கேட்காமலே, தேவைக்கு மேல் சத்தமாக: "எனக்குக் காது கேக்கலக்கா. ரெண்டு வருசமாச்சு."

"ஊருக்கே தெரியும்டா!"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"தினமும்தான் சொன்னேன். உனக்குக் கேட்டாத்தானே?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டுக்கு வந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார். ஓட்டை எங்கே என்று குமிழியே காட்டிக்கொடுத்தது. இந்த வேலைக்கா இருபத்தைந்து வருடமாக இடுப்பு ஒடிகிறது என்று அலட்டினாள் என்று நினைத்துக்கொண்டே ஒட்டுப் போட்டார்.

முதல் ஒட்டு பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அக்கா பானெட்டிலிருந்து ஏதோ சொன்னாள். நல்லவேளை, கேட்கவில்லை.