டைரக்ட் கொடுத்த கதவு

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் புழங்கும் ஒரு சொல் எனக்கு ஆகவே ஆகாது: டைரக்ட். ஸ்விட்ச் கெட்டுப்போனால், அல்லது கெடாமலேயே வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பெயர் டைரக்ட். அதன் பிறகு ஸ்விட்ச் ஒப்புக்குச் சப்பாணிதான். அப்படி டைரக்ட் கொடுத்திருந்த, தகடு வெட்டும் ஒரு பிரஸ்ஸில்தான் என் கணவருக்கு மோதிர விரலில் பாதி போனது. கல்யாணத்துக்கு முந்தைய கதை. மோதிரம் மாற்றும்போது பாதிரியாரே அந்த விரலைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்.

நான் கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒயரிங் வேலை பார்த்தவள். தொண்ணூறுகளின் பின்பாதியில் அவர் வேலையை விட்டுவிட்டு, ஏலத்தில் எடுத்த, உலோகம் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின் ஒன்றை மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து இறக்கினார். மோட்டார்களும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் சேர்த்து அதைத் தானாகவே வெட்டும் சிஎன்சி ஆக்கப்போவதாகச் சொன்னார்.

"மெக்கானிக்கல் என்து, எலக்ட்ரிகல் உன்து" என்று வேலையைப் பிரித்தார்.

"சரிங்க. ஆனா என் பங்குல நீங்க கை வைக்கக்கூடாது" என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக்கூடாது.

முதலில் எர்த். கொல்லையில் குழி வெட்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்து அம்மா எட்டிப் பார்த்தார். அங்கே காலங்காலமாகப் பயிர் செய்த குடும்பம் அவர்களுடையது.

"இன்னாம்மா, வேதக்கார ஊட்லகூட செய்வினை எடுப்பீங்களா?"

"ஆமாக்கா. ஷாக் அடிக்காம இருக்க."

அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினார். நான் ஊறுகாய் போட்டுவிட்டேன்.

பிறகு பவர் சப்ளை. டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, தம்ளர் அளவுக்கு நான்கு கெப்பாசிட்டர்கள். கெப்பாசிட்டர் அழுத்தக்காரப் பிறவி. மெயினை அணைத்தாலும் சார்ஜை உள்ளேயே வைத்திருக்கும். அது தானாக வடிய ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே கட்டினேன். அப்புறம் மெஷினைச் சுற்றி வைத்த பெட்டியின் கதவுக்கு ஒரு ஸ்விட்ச். கதவைத் திறந்தால் உள்ளே சுழலும் கட்டர் நின்றுவிட வேண்டும். கடைசியாக, கட்டரைச் சுழற்றும் மோட்டாருக்கு ஒரு கான்டாக்டர், காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் பெரிய ஸ்விட்ச். கரன்ட் போனால் அது விட்டுவிடும். கரன்ட் வந்தாலும், ஒருவர் போய்ப் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் மறுபடி பிடிக்கும்.

இதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் கரன்ட் நாளுக்கு நாலு தடவை போகும். "ஒவ்வொரு வாட்டியும் பட்டன் அமுக்கிகினு... ஃபேன் மாதிரி தானா ஓடினா இன்னா?" என்பார். கதவைப் பற்றியும் புலம்பல். தூளைத் தள்ள அடிக்கடி திறக்க வேண்டும், திறந்தால் மெஷின் நின்றுவிடுகிறதாம். நிற்கத்தானே வைத்தேன் என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்ததும் அவர் மெஷினை ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் கரன்ட் போனது. டீ எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அவர் வலது கையை உள்ளே விட்டு, கட்டரின் பல்லில் சிக்கிய அலுமினியச் சுருளை விரலால் இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவு ஸ்விட்ச் கண்ணில் பட்டது. அதன் மூடியைக் காணோம். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சிவப்பு ஒயர். நான் அந்த மெஷினில் சிவப்பு ஒயரே போட்டதில்லை.

வாயைத் திறப்பதற்குள் கரன்ட் வந்துவிட்டது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. பக்கத்து வீட்டு டிவி பாதிப் பாட்டிலிருந்து அலறியது. தெருவே "ஏய்!" என்று கத்தியது. கரன்ட் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். கதவுக்கு டைரக்ட் கொடுத்தவர் பட்டனை மட்டும் விட்டு வைத்திருப்பாரா? எனக்கு உயிர் போய்விட்டது. டீ என் காலில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

கட்டர் அசையவில்லை. கான்டாக்டர் பட்டனுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருந்தது.

அவர் மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு சிவப்பு ஒயரைப் பார்த்தார்.

"கதவுக்கு மட்டும்தாம்மே டைரக்ட் குட்த்தேன்" என்றார். "பட்டனை அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தும் தொலைத்தேன். எத்தனையோ நாள் நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அவரே மெயினை அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

நான் ஒயரைக் கீழே போட்டுவிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். ஒன்பதரை. சரியாக இருந்தது.